தினமும் குடிப்பவர் குடியை நிறுத்தும் முதல் வாரம்: சென்னைக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

பல ஆண்டுகளாகத் தினமும் அதிக அளவில் மது அருந்தியவர் ஒரே இரவில் அதை முற்றிலும் நிறுத்தினால், அடுத்த நான்கைந்து நாட்களுக்குள் அவருக்கு வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், சிகிச்சை கிடைக்காவிட்டால் உயிரே போகலாம். இந்த உண்மை மருத்துவ உலகில் பல பத்தாண்டுகளாக நன்கு தெரிந்தது என்றாலும், நம் வீடுகளுக்குள் இன்னும் சரியாக வந்து சேரவில்லை. கார்த்திகை முதல் தேதி ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டு அன்றே குடியை விடுபவர்கள் சென்னையில் ஏராளம். அவர்களில் பெரும்பாலோர் நலமாகவே இருக்கிறார்கள். ஆனால் காலையில் கண் விழித்ததும் குடிக்க வேண்டிய நிலையில் இருப்பவருக்கு அதே முடிவு ஆபத்தாக முடியக்கூடும். குடியை நிறுத்த வேண்டாம் என்று இங்கே சொல்லவில்லை. நிறுத்துங்கள், ஆனால் மருத்துவரின் துணையோடு நிறுத்துங்கள் என்பதையும், அதற்கு வீட்டார் எப்படித் தயாராவது என்பதையும் சொல்வதே நோக்கம்.

முதலில் அளவைக் கணக்கிடுங்கள்

"ஒரு குவார்ட்டர்தான் அடிக்கிறேன்" என்ற பதிலை வைத்துக்கொண்டு மருத்துவரால் எதையும் முடிவு செய்ய முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது மிகவும் பயனுள்ள தகவல். டாஸ்மாக் கடையில் விற்கும் குவார்ட்டர் பாட்டில் 180 மில்லி லிட்டர் கொண்டது. அதில் இருக்கும் பிராந்தி, ரம், விஸ்கி எதுவாக இருந்தாலும் ஆல்கஹாலின் அளவு பெரும்பாலும் 42.8 சதவீதம். அப்படியானால் ஒரு குவார்ட்டரில் சுமார் 77 மில்லி லிட்டர் தூய ஆல்கஹால் இருக்கிறது. எடையில் சொன்னால் ஏறக்குறைய 61 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ குடிப்பதை மிகை அளவுக் குடி என்று வகைப்படுத்துகிறது. ஆகவே நம் ஊரில் "கொஞ்சம்" என்று கருதப்படும் ஒரு குவார்ட்டரே அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறது. 650 மில்லி லிட்டர் பீர் பாட்டிலில், 5 சதவீத வகையானால் சுமார் 26 கிராமும், 8 சதவீத ஸ்ட்ராங் வகையானால் சுமார் 41 கிராமும் இருக்கும். பீர் குடித்தால் ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கைக்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

ஒரு தாளில் ஒரு வாரத்துக்கு எழுதுங்கள்: எந்த நாள், எத்தனை மணிக்கு, என்ன சரக்கு, எவ்வளவு. கண்காணிப்பது போல் அல்லாமல், முடிந்தால் அவரிடமே கேட்டு எழுதுங்கள். அவர் போதையில் இருக்கும்போது கேட்காதீர்கள். காலையில், சாப்பிட்ட பிறகு, பிள்ளைகள் அருகில் இல்லாத நேரத்தில், "என்னங்க, டாக்டர் கேட்டா சொல்லணும்ல, அதான் எழுதி வைக்கிறேன். சண்டை போடுறதுக்கு இல்ல" என்று மனைவி தொடங்கினால் பல நேரம் பதில் கிடைக்கும். எத்தனை முறை சத்தியம் செய்து மீறினார் என்ற பேச்சை அந்த வேளையில் எடுக்க வேண்டாம்.

அளவைவிட முக்கியமான ஓர் அடையாளம் உண்டு. டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத்தான் திறக்கிறது. ஆகவே காலையில் குடித்தே ஆக வேண்டிய நிலைக்கு வந்தவர், முந்தைய இரவே கொஞ்சம் மிச்சம் வைத்திருப்பார். இல்லாவிட்டால் பிளாக்கில் கூடுதல் விலை கொடுத்து வாங்குவார். விடிந்ததும் கை நடுங்குகிறது, டீ டம்ளரை இரண்டு கைகளாலும் பிடிக்கிறார், பல் துலக்கும்போது குமட்டுகிறது, ஒரு கட்டிங் உள்ளே போனதும் நடுக்கம் நின்றுவிடுகிறது என்றால், அவருடைய மூளை ஆல்கஹாலுக்குப் பழகிவிட்டது என்று பொருள். இவர் எக்காரணம் கொண்டும் வீட்டிலேயே, தானாகவே, திடீரென நிறுத்தக்கூடாது. முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், மாயத் தோற்றங்கள் கண்டவர், அறுபது வயதைத் தாண்டியவர், கல்லீரல் பழுதடைந்தவர், வலிப்பு நோய் அல்லது இதய நோய் உள்ளவர் ஆகியோருக்கும் இது பொருந்தும்.

இன்னும் துல்லியமாக அறிய விரும்புவோருக்கு உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ஆடிட் என்ற வினாத்தாள் இருக்கிறது. அதில் பத்துக் கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண்கள். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் குடி தீங்கு செய்யும் அளவை எட்டிவிட்டது; 20 அல்லது அதற்கு மேல் வந்தால் அடிமைநிலையாக இருக்க வாய்ப்பு அதிகம், நிபுணரின் மதிப்பீடு தேவை.

நிறுத்தியதும் உடலுக்குள் நடப்பது

மூளையில் அடக்கும் சமிக்ஞைகளும் தூண்டும் சமிக்ஞைகளும் எப்போதும் எதிரெதிராக இயங்குகின்றன. ஆல்கஹால், காபா என்னும் அடக்கும் வேதிப்பொருளின் செயலைக் கூட்டுகிறது. குளுட்டமேட் என்னும் தூண்டும் வேதிப்பொருளின் செயலைக் குறைக்கிறது. ஆண்டுக்கணக்கில் இது தொடரும்போது, சமநிலையைக் காப்பதற்காக மூளை தன் தூண்டும் பக்கத்தைப் பலப்படுத்திக்கொள்கிறது. கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு பக்கத்தார் திடீரெனக் கையை விட்டால் மறுபக்கத்தார் தலைகுப்புற விழுவதைப் போல, மது நின்றதும் மூளையின் தூண்டல் கட்டுக்கடங்காமல் போகிறது. நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை, வலிப்பு எல்லாம் அதன் விளைவுகளே.

இதற்கு ஒரு கால ஒழுங்கு உண்டு. கடைசியாகக் குடித்த ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையும் எரிச்சலும் தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். டெலிரியம் ட்ரெமென்ஸ் என்னும் கடுமையான மனக்குழப்ப நிலை பொதுவாக இரண்டாம் நாள் முடிவிலிருந்து நான்காம் நாளுக்குள் தலைகாட்டும். அதனால்தான் முதல் இரண்டு நாட்கள் நன்றாகக் கழிந்ததைக் கண்டு குடும்பத்தார் ஆறுதல் அடைந்திருக்கும் வேளையில், மூன்றாம் நாள் இரவு நிலைமை மாறுகிறது. அவர் போர்வையிலிருந்து இல்லாத நூலைப் பிரித்து எடுப்பார். சுவரில் எறும்பு ஊர்கிறது என்று தட்டிவிடுவார். ஆட்டோ ஓட்டுபவரானால் படுக்கையில் உட்கார்ந்தபடியே ஹாண்டில்பாரைத் திருப்புவார். எந்த ஊர், என்ன கிழமை என்பது தெரியாது. உடல் அனலாகக் கொதிக்கும், நாடி வேகமாக ஓடும். பேய் பிடித்துவிட்டது என்று கோயிலுக்கும் தர்காவுக்கும் அழைத்துச் சென்று, அந்த ஒரு நாளை இழந்த குடும்பங்கள் உண்டு. சிகிச்சை இல்லாத காலத்தில் இந்த நிலையை அடைந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்வரை இறந்ததாகப் பழைய மருத்துவப் பதிவுகள் கூறுகின்றன. இன்று உரிய சிகிச்சையில் அது ஐந்து சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. இவ்வளவு பெரிய வேறுபாட்டை நேரத்தோடு மருத்துவமனைக்குச் செல்வது ஒன்றே உண்டாக்குகிறது.

குடியை நிறுத்துவதால்தான் இவை வருகின்றனவா, அல்லது சரியாகச் சாப்பிடாத உடல் பலவீனத்தால் வருகின்றனவா என்பதில் மருத்துவர்களுக்கே நெடுங்காலம் ஐயம் இருந்தது. 1955ஆம் ஆண்டு அமெரிக்காவின் லெக்சிங்டன் நகரில் ஹாரிஸ் இஸ்பெல் குழுவினர், முன்னர் மார்பின் பழக்கத்தில் இருந்த பத்துப் பேருக்கு நல்ல உணவும் வைட்டமின்களும் கொடுத்தபடியே வாரக்கணக்கில் மதுவையும் கொடுத்து, பிறகு திடீரென நிறுத்திப் பார்த்தார்கள். நீண்ட நாள் குடித்தவர்களிடையே வலிப்பும் மனக்குழப்பமும் தோன்றின. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத, அனுமதிக்கவும் கூடாத ஆய்வு அது. ஆனாலும் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டே குடிப்பவருக்கு ஒன்றும் வராது என்ற எண்ணம் தவறு என்பது அதன் மூலம் உறுதியாயிற்று.

மருத்துவமனைக்குச் செல்லும் முன்

தினமும் காலையிலேயே குடிப்பவர் மருத்துவரைப் பார்க்கும்வரை தாமாகத் திடீரென நிறுத்த வேண்டாம். இதை எழுதுவது சற்றுச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் உயிர்காக்கும் அறிவுரை இதுவே. அந்த இடைவெளியை நாட்களாக நீள விடாமல், மறுநாள் காலையிலேயே அழைத்துச் செல்ல முயலுங்கள்.

சென்னையில் சென்ட்ரலுக்கு எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவற்றில் மனநலப் பிரிவு இருக்கிறது. கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல மருத்துவமனையும் உண்டு. அடையாறு இந்திரா நகரில் சாந்தி ரங்கநாதன் 1980ஆம் ஆண்டு தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடிநோய்ச் சிகிச்சைக்கென்றே இயங்கி வருகிறது. எங்கே போவதென்று தெரியாமல் நள்ளிரவில் தவிப்பவர்கள் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழைத்துத் தமிழிலேயே பேசலாம். போதைப்பழக்கம் தொடர்பான தேசிய உதவி எண் 14446.

தனியார் மறுவாழ்வு மையத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் அவசரப்படக் கூடாது. மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா, மருத்துவர் தினமும் வருகிறாரா, இரவில் செவிலியர் இருக்கிறாரா, குடும்பத்தார் நேரில் பார்க்க அனுமதி உண்டா என்ற நான்கையும் கேளுங்கள். நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் முற்றாகத் தடை செய்கிறது. வண்டியில் ஆள் அனுப்பித் தூக்கிக்கொண்டு போகிறோம் என்று சொல்லும் இடத்துக்கு உங்கள் அண்ணனையோ அப்பாவையோ அனுப்பாதீர்கள்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை: கடைசியாகக் குடித்த நாளும் மணியும், தினசரி அளவு, காலையில் நடுக்கம் உண்டா, முன்பு ஃபிட்ஸ் வந்ததா, என்னென்ன மாத்திரைகள் சாப்பிடுகிறார், அண்மையில் கீழே விழுந்து தலையில் அடிபட்டதா. இவற்றுள் முதலாவதே மிக முக்கியம், ஏனெனில் மேலே சொன்ன கால ஒழுங்கை அதிலிருந்துதான் மருத்துவர் கணக்கிடுவார். எல்லோரையும் உள்நோயாளியாகச் சேர்ப்பதில்லை. உபாதை லேசாக இருந்து, வீட்டில் பொறுப்பான ஒருவர் கூடவே இருந்தால், மாத்திரை கொடுத்துத் தினமும் வந்து காட்டச் சொல்வதும் உண்டு.

வேறு காரணத்துக்காகச் சேர்க்கப்படும்போது

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், இங்குதான் குடும்பங்கள் அடிக்கடி வாய்மூடி இருந்துவிடுகின்றன. பைக்கில் விழுந்து கால் முறிந்தோ, நெஞ்சுவலி வந்தோ மருத்துவமனையில் சேர்க்கப்படுபவர் கட்டாயத்தின் பேரில் குடியை நிறுத்துகிறார். "எப்போதாவது குடிப்பார்" என்று மானத்துக்கு அஞ்சி மனைவியோ மகனோ சொல்லிவிட்டால், மூன்றாம் நாள் அறுவை சிகிச்சை வார்டில் அவர் டிரிப்ஸைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்து ஓடும்போது, அதன் காரணம் மருத்துவருக்கு உடனே புலப்படாது. சேர்க்கும் நேரத்திலேயே உண்மையைச் சொன்னால் தடுப்பு மருந்து கொடுக்க முடியும். அருகில் உறவினர்கள் நிற்பதால் தயங்குகிறீர்கள் என்றால், செவிலியரைத் தனியாக அழைத்துச் சொல்லுங்கள்.

குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்

குடித்துவிட்டுச் சோர்ந்து கிடப்பவரைத் தெருமுனை கிளினிக்குக்கு அழைத்துச் சென்று ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி வருவது நம் ஊரில் பரவலான வழக்கம். நெடுநாள் குடிப்பவர்களின் உடலில் தயமின் என்னும் பி1 வைட்டமின் மிகவும் குறைந்திருக்கும்: உணவு குறைவு, குடல் அதை உறிஞ்சுவதும் குறைவு, உடலில் அதன் சேமிப்பும் சில வாரங்களுக்கு மேல் தாங்காது. அந்த நிலையில் தயமின் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் தயமினும் செலவாகி, வெர்னிக்கே நோய் என்னும் மூளைப் பாதிப்பு தூண்டப்படலாம். 1881ஆம் ஆண்டு கார்ல் வெர்னிக்கே விவரித்த இந்த நோயில் குழப்பம், தள்ளாட்டமான நடை, கண் அசைவில் கோளாறு ஆகிய மூன்றும் பாடநூலில் சேர்த்துச் சொல்லப்பட்டாலும், மூன்றும் ஒன்றாகத் தென்படுவது சிறுபான்மையினரிடமே. குடிக்காதபோதும் தள்ளாடுகிறார், எதிரில் இருப்பது இரண்டாகத் தெரிகிறது என்கிறார் என்றால் காத்திருக்காதீர்கள். உரிய நேரத்தில் தயமின் ஊசி போட்டால் மீளலாம். தாமதித்தால் புதிய செய்தி எதையும் மனத்தில் வைத்துக்கொள்ள முடியாத கோர்சகாஃப் நிலை நிரந்தரமாகிவிடலாம். நாற்பது வயதில் காலையில் சாப்பிட்டது மதியம் நினைவில்லாத மனிதரைப் பராமரிப்பது என்னவென்று அந்தக் குடும்பங்களுக்குத் தெரியும். எனவே கிளினிக்கில், "டாக்டர், இவர் தினமும் குடிப்பவர், தயமின் போட்டுவிட்டு குளுக்கோஸ் ஏற்றுங்கள்" என்று கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

செய்யக்கூடாதவை

தூக்க மாத்திரையை மருந்துக்கடையில் கேட்டு வாங்கி நீங்களாகக் கொடுக்காதீர்கள். மருத்துவமனையில் டயசிபாம், குளோர்டயஸிபாக்சைடு, கல்லீரல் பழுதானவர்களுக்கு லோரசிபாம் போன்றவற்றைக் கொடுப்பது உண்மைதான். ஆனால் அவற்றின் அளவை உபாதையைப் பார்த்து முடிவு செய்து, நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வருவார்கள். இதே மாத்திரை மதுவோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடும்.

அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டிலோ டீயிலோ கலந்து கொடுக்கும் பொடியையும் மாத்திரையையும் வாங்கவே வாங்காதீர்கள். அவற்றில் பல இடங்களில் கலந்திருப்பது டைசல்ஃபிரம். கல்லீரலில் ஆல்கஹால் முதலில் அசிட்டால்டிஹைடு என்னும் நச்சுப்பொருளாக மாறி, பிறகு அது சிதைக்கப்படுகிறது. டைசல்ஃபிரம் இரண்டாம் படியைத் தடுத்துவிடுவதால் நச்சு உடலில் தேங்கி, முகம் சிவந்து, வாந்தியும் படபடப்பும் வந்து, இரத்த அழுத்தம் இறங்கும். இதயம் பலவீனமானவர் இறந்தும் போகலாம். கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு வாரம்வரை இந்த விளைவு நீடிக்கும். தான் என்ன சாப்பிடுகிறோம் என்று அறிந்து, சம்மதித்து, மருத்துவர் மேற்பார்வையில் எடுப்பவருக்கு அது நல்ல மருந்து. அறியாதவருக்கு அது விஷம். அந்தப் பொடியை வாங்கும் தாய்மார்களின் துயரம் எனக்குப் புரிகிறது. அதை விற்பவர்கள்மீது மட்டும் எனக்குக் கோபம் உண்டு.

அறையில் பூட்டி வைப்பதும் வேண்டாம். உள்ளே வலிப்பு வந்தால் யாருக்கும் தெரியாது.

வலிப்பு வந்தால் இரும்புச் சாவியைத் தேடி ஓடாதீர்கள். கையில் இரும்பு கொடுப்பதால் வலிப்பு நிற்பதில்லை. பக்கவாட்டில் படுக்க வையுங்கள், சட்டைப் பொத்தானைத் தளர்த்துங்கள், வாயில் கரண்டியோ தண்ணீரோ வைக்காதீர்கள், 108ஐ அழையுங்கள். வலிப்பு நின்றுவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். இரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், கண் மஞ்சளாகி மயங்கிக் கிடப்பது, விழுந்து அடிபட்ட பிறகு எழுப்பினாலும் எழாதது ஆகியவையும் 108க்கு உரியவை. கடைசியாகச் சொன்னதைப் போதைத் தூக்கம் என்று எண்ணி அப்படியே விட்டுவிட்டதில் தலைக்குள் இரத்தக் கசிவு தெரியாமல் போவதுண்டு. அவர் உங்களை அடிக்கிறார் என்றால், 181 என்ற பெண்கள் உதவி எண் உங்களுக்கானது. அதை அழைப்பது அவரைக் கைவிடுவதாகாது.

முதல் வாரம் முடிந்த பிறகு

நடுக்கம் நின்று, பசி எடுத்து, தூக்கம் வரத் தொடங்கியதும் நோய் தீர்ந்துவிட்டதாகவே தோன்றும். உண்மையில் உடலிலிருந்து மது வெளியேறியிருக்கிறது. குடிக்கும் வேட்கை அப்படியே இருக்கிறது. அதைக் குறைக்கும் மருந்துகள் இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. 2023ஆம் ஆண்டு ஜாமா என்னும் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 118 ஆய்வுகளில் பங்கேற்ற 20,976 பேரின் தரவுகளை ஒருங்கே பார்த்தது. அகாம்ப்ரோசேட் எடுத்துக்கொண்ட ஏறக்குறைய 11 பேரில் ஒருவர், மருந்து இல்லாதிருந்தால் மீண்டும் குடித்திருக்கக்கூடியவர், குடிக்காமல் இருந்தார். நால்ட்ரெக்ஸோன் மாத்திரைக்கு அந்த எண் 18. இதை அற்பம் என்று தள்ள வேண்டாம். ஆலோசனையோடு சேரும்போது இது பெரிய உதவி. அகாம்ப்ரோசேட்டுக்குச் சிறுநீரகமும், நால்ட்ரெக்ஸோனுக்குக் கல்லீரலும் பரிசோதிக்கப்பட வேண்டும். கல்லீரல் சுருங்கிப் போனவர்களிடம் பாக்லோஃபென் மருந்தை இத்தாலிய மருத்துவர்கள் ஆராய்ந்து 2007ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட முடிவில், மருந்து பெற்றவர்களில் 71 சதவீதத்தினரும், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 29 சதவீதத்தினரும் குடிக்காமல் இருந்தார்கள்.

ஆலோசனை என்றால் பெரிய படிப்புப் படித்தவர்தான் தர வேண்டும் என்பதில்லை. கோவாவில் விக்ரம் படேல் உள்ளிட்டோர் நடத்தி 2017ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், மூன்று மாதம் கழித்துக் கேட்டபோது, கடந்த இரண்டு வாரம் குடிக்காமல் இருந்தவர்களின் பங்கு வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களிடையே 18 சதவீதமாகவும், பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள் சில அமர்வுகள் பேசியவர்களிடையே 42 சதவீதமாகவும் இருந்தது. குடியை விட்டவர்களும் விட விரும்புபவர்களும் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் சென்னையில் தமிழிலேயே நடக்கின்றன, கட்டணம் கிடையாது. மனைவி, பெற்றோர் போன்றோருக்கு அல்-அனான் என்ற தனிக் கூட்டமும் உண்டு. அவர் வர மறுத்தாலும் நீங்கள் போகலாம்.

எய்ம்ஸ் மருத்துவமனையின் துணையோடு மத்திய அரசு 2019ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவருக்குத்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மதுவை விற்பதும் அரசு, பொது மருத்துவமனைகளை நடத்துவதும் அரசு என்ற நிலையில், அந்த 38 பேருக்கும் வழிகாட்டும் பொறுப்பு அரசுக்கு இருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

கல்லீரலைப் பொறுத்தவரை, நிறுத்திய முதல் மாதத்தில் ஒரு முறை இரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் எடுத்துவிடுங்கள். இரத்தப் பரிசோதனையில் தெரியும் கல்லீரல் நொதிகளில் ஜி.ஜி.டி. உயர்ந்திருப்பது, ஏ.எஸ்.டி. அளவு ஏ.எல்.டி. அளவைப் போல் இரு மடங்குக்கு மேல் இருப்பது ஆகியவை மதுவின் தடயங்கள். கொழுப்பு மட்டும் படிந்திருந்தால், சில வார மதுவிலக்கிலேயே கல்லீரல் பெரும்பாலும் தேறிவிடும். இந்த நற்செய்தியை அவரிடம் சொல்லுங்கள். சுருக்கம் வந்துவிட்டிருந்தால் அது மறையாது, ஆனால் நிறுத்தியவரின் ஆயுள் நிறுத்தாதவரைவிட நீளும். அவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்க வேண்டியிருக்கும்.

மீண்டும் குடித்துவிட்டால்

ஒரு கல்யாண வீட்டிலோ, ஒரு சாவு வீட்டிலோ அது நடக்கக்கூடும். அப்போது முதலில் கேட்க வேண்டியது ஏன் குடித்தார் என்பதல்ல, எத்தனை நாளாகக் குடிக்கிறார் என்பதே. ஓரிரு நாளானால், மறுநாளே அதே மருத்துவரிடம் வெளிநோயாளியாக அழைத்துச் சென்று, நிறுத்தி வைத்த மருந்து இருந்தால் மீண்டும் தொடங்கலாமா என்று கேளுங்கள். டைசல்ஃபிரம் எடுத்துக்கொண்டிருந்தவரானால் அதைத் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். வாரக்கணக்கில் தினமும் குடித்திருந்தால், இம்முறையும் வீட்டில் நிறுத்த முயலாதீர்கள். ஒவ்வொரு முறை நிறுத்தித் தொடங்கும்போதும் மூளை மேலும் எளிதில் கிளர்ச்சியடைகிறது என்பதை 1978ஆம் ஆண்டிலேயே பேலஞ்சர், போஸ்ட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர்கள் சுட்டிக்காட்டினார்கள். சென்ற முறை வெறும் நடுக்கத்தோடு தப்பியவருக்கு இம்முறை வலிப்பு வரலாம். எனவே அந்தத் தாளை மீண்டும் எடுத்து, கடைசியாகக் குடித்த நாளையும் மணியையும் எழுதிக்கொண்டு, மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.